பதிலளித்தவர் பதினேழு

1

இந்தக் கதை ஓர் அடிக்குறிப்பில் பிறந்தது. தூக்கம் வரட்டுமே என்று மதமும் அரசியலும் பற்றிய ஓர் ஆய்வேட்டைப் புரட்டினேன். மூன்றாம் அத்தியாயத்தில், பொடி எழுத்தில்: ‘பதிலளித்தவர் 17, ஆய்வாளரின் தந்தை.’ வந்த தூக்கமும் போயிற்று. மற்றதெல்லாம் என் கற்பனை.

2

பல்கலைக்கழகத்தின் நீண்ட நடைபாதையில் அவள்

(வேண்டாம். ஆராய்ச்சி மாணவி என்றாலே நடைபாதைதானா?)

வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். போன தேர்தலிலிருந்து அப்பாவும் மகளும் உப்பு, புளி தவிர வேறெதுவும் பேசுவதில்லை. தொலைக்காட்சியில் செய்தி வந்தால் ஒருவர் எழுந்து போய்விடுவார். பேட்டிக்கு ஆள் குறைந்தபோது, வேறு வழியில்லாமல் அவரிடமே போனாள். பேட்டி எடுப்பவர் எதிர்வாதம் செய்யக்கூடாது என்பது ஆய்வு முறை. வேற்று மதத்தவர் தேர்தலில் நின்றால் வாக்களிப்பீர்களா என்று கேட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டாள். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற அந்த மனிதர் மடை திறந்தாற்போலப் பேசினார்.

“அவங்க கும்பிடுறது வேற, நாம கும்பிடுறது வேற. அவங்க ஆளு ஜெயிச்சா நமக்கு இடமிருக்காது. நம்பவே கூடாது.”

3

யாருடைய சொற்கள் என்று தெரியாமலே அவளுடைய ஆய்வு நெறியாளர் துள்ளினார். “இதாம்மா உன் மூணாவது அத்தியாயம்! தலைப்பு ‘வெறுப்பின் குரல்’னு வை.”

வைத்தாள். பிறகுதான் உறைத்தது. வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். அப்பா அதற்கு வருவதற்காகச் சட்டையைத் தேய்த்து மாட்டி வைத்துவிட்டார். சபையில் அந்த வரி ஒலித்தால், மிச்சமிருக்கும் உப்பு, புளியும் போய்விடும். எடுத்துவிட்டால் அத்தியாயமே படுத்துவிடும்.

(முதல் வரைவில் அப்பாவுக்கு முரட்டு மீசை வைத்திருந்தேன். மழித்துவிட்டேன். மீசை என்ன பாவம் செய்தது?)

4

தேர்வுக்கு முந்தைய நாள் மாலை அந்த வரியை அவரிடமே படித்துக் காட்டுகிறாள். இனி மூன்று வழிகள்.

அ. அப்பா அழுது திருந்துகிறார். (எனக்கே நம்பிக்கையில்லை.)

ஆ. கதவை அறைந்துவிட்டுப் போகிறார். (நடக்கக்கூடியதுதான். ஆனால் கோபித்துப் போனவர் அந்த அடிக்குறிப்பைப் போட விட்டிருப்பாரா?)

இ.

“இது நான்தானே?”

“ஆமாம்பா.”

“இப்படியேவா சொன்னேன்?”

“ஒரு வார்த்தை மாத்தல. கடைசிப் பிரதியில இன்னும் திருத்தலாம். எடுத்துடட்டுமா?”

“எதுக்கு? சொன்னது சொன்னதுதான். யாரோ மாதிரி நம்பர் போட்டிருக்கியே, அதுதான் நல்லால்ல. உங்கப்பன்னு போடு.”

அவள் பக்க ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்புறம்... மறுபடி ஒரு தடவ கேளு.”

“எதப்பா?”

“அதே கேள்வியத்தான். அடுத்தவன் சொன்ன மாதிரி கேக்கும்போது என்னமோ போல இருக்கு. இப்பவும் அதையேதான் சொல்வேனான்னு எனக்கே தெரியல.”

5

ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து மேசைமேல் வைக்கிறாள். அதே கேள்வியைக் கேட்கிறாள்.

அவருடைய பதிலை நான் எழுதமாட்டேன். எழுதினால் அவரை உத்தமராக்கிவிடுவேன். எனக்கு அவரை அவ்வளவு பிடித்துப்போயிற்று. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார், செய்தி வந்தால் நீங்கள் எழுந்து போய்விடுகிற ஒருவர். என்ன சொல்வார் என்று அவருக்கும் தெரியாது. போய்க் கேளுங்கள்.