ஒத்தக் கையால் கழற்ற வேண்டும்

திண்டுக்கல் மேட்டுப்பட்டி அருள்நாதனின் மகள் ஜெஸ்ஸி சென்னையிலிருந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து வீட்டு மாடியில் ஆபீஸ் போட்டிருக்கிறாள் என்றதும் தெருவில் பாதிப் பேர் படியேறி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பார்க்க என்ன இருக்கிறது? ஒரு மேஜை, ஒரு லேப்டாப், அதைச் சுற்றி வயர். "ஆபீஸுங்கற, வாசல்ல ஒரு போர்டுகூட இல்லையேடி" என்று குறைப்பட்டாள் ஜெயமேரி அத்தை. அருள்நாதனின் தங்கை, அடுத்த தெருக்காரி. சம்பளம் எவ்வளவு என்று கேட்டாள், கல்யாணம் எப்போது என்று கேட்டாள், கடைசியில் காபி கேட்டாள். காபி மட்டும் கிடைத்தது.

ஜெஸ்ஸியின் வேலை இதுதான். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் விவரத்தை வாயால் சொல்லிப் பதிவு பண்ணிவிடுவார்கள். அதைக் காதில் கேட்டு இங்கே எழுத்தாக அடித்து அனுப்ப வேண்டும். அந்த மகராசன்கள் ஒழுங்காகப் பேசித் தொலைத்தால்தான் என்ன? எதையோ மென்றுகொண்டே பேசுவார்கள். ஒரே வார்த்தையை நாலு தரம் ஓட்டிக் கேட்க வேண்டியிருக்கும். நிறுத்தவும் ஓட்டவும் காலால் மிதிக்கிற பெடல் ஒன்று உண்டு, தையல் மெஷினில் இருப்பது மாதிரி.

அது 2008ஆம் வருஷம். அந்தத் தை மாதம் அருள்நாதனுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அம்மா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. சென்னையில் இருந்த அண்ணன் ஆல்வின், "சிஸ்டர்ஸ் நடத்துற ஹோம் ஒண்ணு இருக்கு, நல்லாப் பாத்துக்குவாங்க" என்று ஆரம்பித்தான். கெட்டவன் இல்லை பாவம், அவன் வீட்டில் அவனுக்கே கால் நீட்ட இடம் கிடையாது. ஜெஸ்ஸிக்குத்தான் மனசு கேட்கவில்லை. கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி, மூன்று மாதம் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி வாங்கினாள். வேலை பிந்தாமல் ஓடினால் அப்படியே தொடரலாம். பிந்தினால் அவள் சென்னைக்குத் திரும்ப வேண்டும், அப்பா ஹோமுக்குப் போக வேண்டும்.

கீழ்வீடு ரோட்டை ஒட்டியது. பஸ் ஹாரனும் பக்கத்து மாவு மில்லும் சேர்ந்தால் அமெரிக்க டாக்டர் என்ன, ஆண்டவரே வந்து பேசினாலும் காதில் விழாது. அதனால்தான் மாடியில் பின்பக்க அறை. ஆனால் அடித்ததைத் திருத்துகிற வேலைக்குக் காது வேண்டாம், கண் போதும். ஆக அவள் போட்ட திட்டம்: அப்பா கூப்பிட்டால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இறங்குவது, அவரைப் பிடித்து பாத்ரூம் வரைக்கும் நடத்திக் கொண்டுபோய்த் திரும்பக் கட்டிலில் சேர்ப்பது, பக்கத்திலேயே செத்த நேரம் உட்கார்ந்து திருத்துவது. அப்பாவுக்கும் பேச்சுத்துணை, வேலையும் நிற்காது.

கூப்பிடுவதற்கு ஒரு ஏற்பாடும் செய்தாள். அருள்நாதன் இருபது வருஷத்துக்கு மேல் நிலக்கோட்டையிலிருந்து திருச்சிக்கு மல்லிகை ஏற்றிப்போன வேன் டிரைவர். கரண்ட் ஹாரன் மக்கர் பண்ணினால் உதவட்டும் என்று வேனில் ஒரு ரப்பர் ஹாரன் வைத்திருந்தார். அமுக்கினால் பாம் பாம் என்று கத்தும். அதைப் பரணிலிருந்து எடுத்து, அவருடைய வலது கை எட்டுகிற இடத்தில் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டினாள்.

லேப்டாப்பில் பெடல், கீபோர்டு, மவுஸ் எல்லாம் செருக இடம் போதவில்லை. சாலை ரோடு என்கிற கடைவீதியில் பழனிக்குமார் என்று ஒருவர் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். ஒட்டன்சத்திரத்துக்காரர். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை, அவரை விட்டால் அந்நாளில் இதற்கெல்லாம் ஆள் குறைவு. "ஏனுங்க மேடம், சின்ன விசயத்துக்கு எதுக்குங்க பெரிய செலவு? ஹப் ஒண்ணு போட்டாப் போதுமுங்க" என்று ஒரு குட்டிப் பெட்டியைக் கொடுத்தார். பெடல், கீபோர்டு, மவுஸ் மூன்றும் அதில் போயின. ஆனாலும் ஹப் வயர், மானிட்டர் வயர், நெட் வயர், ஹெட்போன், கரண்ட் வயர் என்று லேப்டாப்பைச் சுற்றி ஒரு கூட்டம் தொங்கத்தான் செய்தது.

முதல் வாரம் ஹாரன் அடிக்கடி கேட்டது. நாற்காலியைத் தள்ளி, குனிந்து, ஒவ்வொரு வயராகப் பிடுங்கி, மானிட்டர் திருகை விரலால் திருகிக் கழற்றி, இரண்டு கையாலும் லேப்டாப்பை அணைத்துக்கொண்டு கைப்பிடியைப் பிடிக்க முடியாமல் படியிறங்குவாள். திரும்பப் போய் எல்லாவற்றையும் செருக வேண்டும். அடுத்த வாரம் ஹாரன் குறைந்தது. அப்புறம் அவளாக இறங்கி வருகிற நேரத்தில் பாத்ரூம் போவதோடு சரி, ஹாரன் சத்தமே இல்லை.

"அப்பா ரொம்பத் தேறிட்டாருண்ணே. ஹாரனே அடிக்கிறதில்ல" என்று ஆல்வினிடம் போனில் பெருமையாகச் சொன்னாள். வேலையும் மளமளவென்று ஓடியது. கம்பெனியில் பாராட்டிக்கூட விட்டார்கள்.

சித்திரையில் ஒரு மத்தியானம் சோற்றுத் தட்டோடு இறங்கி வந்தவள், அந்த வெயிலிலும் அப்பா போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மூத்திரத்தில் கிருமி என்றார் டாக்டர். "தண்ணியே குடிக்க மாட்டாரா? அடக்கி வேற வச்சிருக்காரு. வீட்ல பாத்துக்க ஆள் இல்லையாம்மா?" என்று கேட்டார். ஜெஸ்ஸிக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது.

தினமும் செம்பு நிறையத் தண்ணீர் வைக்கிறாள், சாயங்காலம் பார்த்தால் செம்பு காலியாக இருக்கிறது. குடிக்காமல் எங்கே போகும்? அதைக் கண்டுபிடித்தது ஜெயமேரி அத்தை. காய்ச்சல்காரரைப் பார்க்க வந்தவள் சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டி, ஊரெல்லாம் காஞ்சு கெடக்கு, இந்த எடத்துல மட்டும் குப்பைமேனி இம்புட்டுச் செழிப்பா நிக்குது?" என்றாள்.

ஜெஸ்ஸி போய்ப் பார்த்தாள். கட்டிலோரச் சன்னலுக்கு நேர் கீழே, ஒரு முழ அகலத்துக்குப் பச்சைப்பசேல் என்று வளர்ந்திருந்தது. வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"என்னப்பா இது? செடிக்கு ஊத்தவா நான் தண்ணி வச்சேன்?"

அருள்நாதன் சுவரைப் பார்த்தார். வாய் ஒரு பக்கம் கோணினாலும் பேச்சு தெளிவாகத்தான் வரும். "குடிச்சா வருது பாப்பா. வந்தா ஒன்னையக் கூப்பிடணும்."

"கூப்பிடத்தானே ஹாரன் கட்டியிருக்கு?"

"நீ மேல படுற பாடு எனக்குக் கேக்குதுல்ல. சேர இழுக்குற. ஒண்ணு ஒண்ணாப் புடுங்குற. படியில தடுமாறி வார. ஒருவாட்டி விழப் பாத்த, நான் சத்தத்த வச்சே கண்டுக்கிட்டேன். லோடு ஏத்தி ஓடுற வண்டிய நடுரோட்டுல கைகாட்டி நிறுத்துன மாதிரி இருக்கு எனக்கு."

அவருக்கு அது வெறும் பேச்சில்லை. பூ லோடு ஏற்றிவிட்டால் டிரைவர் எங்கும் நிற்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் சட்டம். செத்த நேரம் பிந்தினாலும் பூ மலர்ந்துவிடும், மலர்ந்த மல்லிகையைச் சந்தையில் சீந்த ஆள் கிடையாது. சாயா குடிக்க நிற்கக் கூடாது, ஒண்ணுக்குப் போக நிற்கக் கூடாது. அடக்கிக்கொண்டு ஓட்டுகிறவனுக்குத்தான் டிரைவர் என்று பேர். வேன் திண்டுக்கல் வழியாகத்தான் போகும், இதே வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகும். அப்போதும் நிற்க மாட்டார். ரெண்டு ஹாரன் அடிப்பார். பாவாடை தடுக்கத் தடுக்கச் சின்னப் பெண் ஜெஸ்ஸி வாசலுக்கு ஓடி வந்து கையாட்டுவதற்குள் வேன் வளைவில் திரும்பியிருக்கும். ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போவாராம். அந்த மனுஷன்தான் இப்போது மகளின் லேப்டாப்பைப் பூ லோடாக நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் கிடந்திருக்கிறார்.

"தேறிட்டாருன்னு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சேனே" என்று ஜெஸ்ஸி தலையில் அடித்துக்கொண்டாள். அத்தைகூட அன்றைக்குக் காபி கேட்கவில்லை. தானே போய்க் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுநாள் பழனிக்குமாரின் கடையில் போய் நின்றாள். "ஹப் போதாதுங்க. லேப்டாப்பு வயரோட மல்லுக்கட்டாம வைக்கணும், எடுக்கணும். என்ன இருக்கு, எல்லாத்தையும் கொண்டாங்க" என்றாள்.

பழனிக்குமார் குஷியாகிவிட்டார். புத்தம் புதிதாய்ப் பளபளவென்று ஒன்றை வீட்டுக்கே எடுத்துவந்து மாடி மேஜையில் வைத்தார். எந்த லேப்டாப்புக்கும் பொருந்துமாம், எல்லா வயரும் அதற்குள் போய் ஒரே வயராக வெளியே வருமாம். அதன் பின்பக்கத் துவாரங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, மாப்பிள்ளை வீட்டுச் சொத்தைச் சொல்கிற தரகர் மாதிரி சொல்லிக்கொண்டே போனார்.

"எல்லாம் சரி, ஒத்தக் கையால கழட்டிக் காட்டுங்க" என்றாள் ஜெஸ்ஸி.

"எதுக்குங்க மேடம் ஒத்தக் கை? ஆண்டவன் ரெண்டு கை குடுத்திருக்கானுங்களே."

"ஒரு கை படிக்கட்டுக் கைப்பிடிக்கு வேணும்ங்க."

அவர் கழற்றினார். ஒரு கை வயரை இழுத்தது, வயரோடு லேப்டாப்பும் நகர்ந்தது, இன்னொரு கை தானாக வந்து அதைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் கரண்ட் வயர் தனி. மானிட்டரில் வேறு எழுத்து ஒரு நொடி பின்தங்கி வந்தது, பெடலை மிதித்தால் டாக்டர் தாமதமாக வாயைத் திறந்தார். "வேணாம்ங்க" என்றாள். மனுஷன் முகம் சுண்டிப்போயிற்று.

"இன்னொண்ணு இருக்குதுங்க. ஆனா பழசு. ஏதோ கம்பெனியில கழிச்சுக் கட்டுனது. உங்க லேப்டாப்பு மாடலுக்கு மட்டும்தான் சேரும். நாளைக்கு வேற லேப்டாப்பு வாங்குனா இத குப்பையிலதான் போடோணும். எனக்கே விக்க மனசு வரலீங்க."

"கொண்டாங்க பாப்போம்."

சாயங்காலம் வந்தது. ஒரு தட்டையான கறுப்புப் பலகை, ஓரமெல்லாம் கீறல். வயர் அத்தனையும் அதன் முதுகில் ஒருமுறை செருகினால் செருகினதுதான். மேலே லேப்டாப்பை வைத்து அமுக்கினால் டக்கென்று உட்கார்ந்தது, மானிட்டரும் பெடலும் உயிர்பெற்றன. எடுப்பதற்குப் பக்கத்தில் ஒரு நெம்புகோல். ஜெஸ்ஸி இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். வலது கையால் நெம்பினாள், டக்கென்று லேப்டாப் தளர்ந்தது. அதே கையால் மடக்கி, விலாவோடு இடுக்கிக்கொண்டாள். இடது கையால் கைப்பிடியைப் பிடித்தபடி கீழே இறங்கி, மறுபடி ஏறி வந்தாள்.

"இதுதான்" என்றாள். பழனிக்குமாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "உங்க இஷ்டமுங்க" என்று தலையைச் சொறிந்துகொண்டே போனார். ஜெயமேரி அத்தை மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்த மந்திரித்த தண்ணீரை அதன் மேல் தெளிக்கக் கை ஓங்கியதையும், ஜெஸ்ஸி பாய்ந்து தடுத்ததையும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாம் ஆயிற்று, ஆனால் ஹாரன் அடிக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, மறுநாளும் இல்லை. செம்புத் தண்ணீர் பாதிக்கு மேல் இறங்கவில்லை. மாடியில் என்ன மாறியிருக்கிறது என்று கட்டிலில் கிடக்கிற மனுஷனுக்கு எப்படித் தெரியும்? வாயால் சொன்னால் தன் மனசு நோகாமலிருக்கச் சொல்கிறாள் என்றுதானே நினைப்பார்? ஜெஸ்ஸி யோசித்தாள். மேலே போய், அந்தப் பலகையின் முதுகிலிருந்து வயர்களை எல்லாம் உருவிவிட்டு, லேப்டாப்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்து அப்பாவின் மடியில் வைத்தாள்.

"அப்பா, இந்தாங்க, இதை இழுங்க."

"ஏய், ஒடஞ்சு கிடஞ்சு போயிரப் போகுது."

"ஒடையாது. இழுங்க."

அருள்நாதன் நல்ல கையால் நெம்புகோலைத் தொட்டுப் பார்த்தார். இழுத்தார். டக். லேப்டாப் அவர் மடியிலேயே கழன்று நின்றது. ஜெஸ்ஸி அதைத் திரும்ப வைத்து அமுக்கினாள். டக். அவர் மறுபடி இழுத்தார். டக்.

"கியரு மாதிரில்ல இருக்கு" என்றார். அப்புறம் மகளை நிமிர்ந்து பார்த்து, "அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்பா. லோடு கெடாது. வண்டிய ஓரங்கட்டி நிறுத்துற நேரம்கூட ஆகாது."

அவர் இன்னும் ரெண்டு தரம் கழற்றி மாட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் அந்தக் கோணல் வாயோடு ஒரு சிரிப்பு வந்தது. நோய் வந்ததிலிருந்து அதை ஜெஸ்ஸி பார்க்கவில்லை.

மறுநாள் முற்பகல். ஹெட்போனில் ஒரு டாக்டர் யாருடைய குடலைப் பற்றியோ மென்றுகொண்டிருந்தார். கீழே மாவு மில் ஓடியது, பஸ் ஒன்று போனது. அவற்றுக்கு நடுவில், பாம் பாம்.

ஜெஸ்ஸியால் முதலில் நம்ப முடியவில்லை. ஹெட்போனைக் கழற்றினாள். பாம் பாம். சின்ன வயசில் வாசலைத் தாண்டிப் போன வேன் அடித்த அதே ரெண்டு ஹாரன். டக்கென்று நெம்பி, இடுக்கிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கினாள். இறங்கினாள் என்ன, ஓடினாள்.

"என்னப்பா? பாத்ரூம் போகணுமா?"

"இல்ல."

"வலிக்குதா?"

"இல்ல பாப்பா. ஒண்ணும் வேணாம். ஓடி வாரியான்னு பாத்தேன்."

ஜெஸ்ஸி லேப்டாப்பைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அருள்நாதன் கையை நீட்டிச் செம்பை எடுத்தார். ஜெஸ்ஸியின் கண் தன்னையறியாமல் சன்னல் பக்கம் போனது. அவர் அண்ணாந்து, மடக்கு மடக்கென்று, கழுத்தெல்லாம் வழிய, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு காலிச் செம்பை அவளிடம் நீட்டினார்.

"இன்னொரு செம்பு கொண்டா" என்றார்.