மேரிக்குத் தெரியாத சத்து ஊசி

கிளியனூர் பெயிண்டர் ஆரோக்கியராஜுக்குச் சில நாட்களாக வாந்தி. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. பேச்சும் குழறத் தொடங்கியது. திண்டிவனத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தவர்கள், "கிட்னி திடீர்னு பாதிச்சிருக்கு, விழுப்புரம் போயிடுங்க" என்றார்கள். மனைவி இருதயமேரி வாடகைக் காரில் கூட்டிப் போனாள்.

"ஊசி, மாத்திரை, நாட்டு மருந்து ஏதாச்சும் எடுத்துக்கிறீங்களா?" என்று டாக்டர் கலைப்பிரியா கேட்டார்.

"ஒண்ணுமே இல்லம்மா," என்றார் ஆரோக்கியராஜ். திண்டிவனத்திலும் அதையேதான் சொல்லியிருந்தார்.

குளுக்கோஸ் ஏறியதில் குழறல் குறைந்தது. மறுநாள் டாக்டர் மேரியைத் தனியாக அழைத்தார். "ரத்தத்துல கால்சியம் ரொம்ப ஏறியிருக்கு. பொதுவா கிட்னி கெட்டா அது குறையும். இவருக்கு அது ஏறினதாலதான் கிட்னியே கெட்டிருக்கு. எலும்பு மஜ்ஜையில புத்துநோய் இருக்கான்னு பார்க்கணும்."



சாயங்காலம் ஆரோக்கியராஜோடு வேலை செய்யும் பாண்டுரங்கன் பார்க்க வந்தான். "என்னா அண்ணி இது? வாராவாரம் சத்து ஊசி போட்டுக்கினு இருந்தவரு இப்படிப் படுத்துட்டாரே!"

"என்னா ஊசி?"

பாண்டுரங்கன் விவரம் சொன்னான். முட்டி வலிக்கு மருந்துக்கடைக்காரர் போட்ட வைட்டமின் டி ஊசி. கூடவே மிட்டாய் மாதிரி கால்சியம் மாத்திரை.

மேரி புருஷன் பக்கம் திரும்பினாள். "யோவ்! ரெண்டு ஊரு டாக்டருங்க கேட்டாங்களே, வாயத் தொறந்தியா நீ?"

"மருந்து சாப்புடுறியான்னுதான் கேட்டாங்க. இது சத்துதான மேரி?"

"ஊசியான்னும் கேட்டாங்கய்யா! புத்துநோய்னதும் எனக்கு உசுரே போயிடுச்சு. உன்னோட ஒரே பேஜாரு!"

விஷயம் கேட்ட டாக்டர் வைட்டமின் அளவைச் சோதித்தபோது எக்கச்சக்கமாக இருந்தது. கால்சியத்தை ஏற்றியது அந்த ஊசிதான், மஜ்ஜைச் சோதனை வேண்டாம் என்றார். கால்சியம் மெல்ல இறங்கியது, கிட்னியும் தேறியது.

வீட்டுக்கு அனுப்பிய அன்று பஸ்ஸில் உட்கார்ந்ததுமே ஆரோக்கியராஜ் ஆரம்பித்தார். "முட்டிக்கு இனிமே என்னா பண்றது?"

மேரி பதிலுக்குக் கேட்டாள். "வலிக்குதுன்னு கடைக்காரன்கிட்ட சொன்னியே, என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா பெயிண்ட் அடிக்க சாரத்துல ஏறாதன்னுவ."

"ஆமாய்யா, ஏறாதன்னுதான் சொல்லுவேன்," என்றாள். கோபம் அப்போதும் தீரவில்லை. ஆனாலும் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.