மச்சானின் இரண்டாம் பாதி

அல்தாப்புக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பார்கள். அது அவனைச் சரியாகத் தெரியாதவர்கள் சொல்வது. தெரிந்தவர்களைக் கேட்டால், மூக்கு என்ன, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை கோபம்தான் என்பார்கள். ஆனால் ஆள் ராஜா மாதிரி இருப்பான். நல்ல உயரம், சுருட்டை முடி, இடது புருவத்துக்கு மேல் ஒரு மச்சம். கோபம் வந்தால் இன்னும் அழகாகிவிடுவான், அதுதான் கொடுமை.

கீழக்கரையில் பெண் பேசப் போன அன்றே அவனுடைய உம்மா எதையும் மறைக்கவில்லை. "எம் மவனுக்குக் கொஞ்சம் கோவம் வரும். ஆனா கோவம் உள்ள இடத்துலதான் குணம் இருக்கும்" என்று சொல்லிவிட்டார். பெண் வீட்டாரும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். ஒரு பழமொழியை நம்பிப் பெண்ணைக் கொடுக்கிற ஜனம் நம்மை விட்டால் உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.

அந்தப் பெண்தான் இஸ்ரத். கல்யாணமாகி அமெரிக்காவில் மில்பிடாஸுக்கு வந்தவளுக்கு வேலை பார்க்க விசா இடம் கொடுக்கவில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன் என்று அல்தாப் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தான். அன்றைக்கு அவன் போட்ட சத்தத்தில் அவள் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுத்தவள்தான், மறுபடி தொடவே இல்லை. பகலெல்லாம் அபார்ட்மெண்டில் உட்கார்ந்து என்ன செய்வாள்? படம் வரைந்தாள். ஜப்பான்காரர்கள் மங்கா என்று கட்டம் கட்டமாகக் கதை வரைவார்களே, அந்த மாதிரி. "ஏழு கழுதை வயசாச்சு, இன்னும் பொம்மை வரைஞ்சுக்கிட்டு" என்பான் அல்தாப். அவள் என்ன வரைகிறாள் என்று ஒருநாளாவது எட்டிப் பார்த்தானா என்றால், இல்லை.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. சான் ஹோசேயில் படம் வரைகிறவர்கள் கூடும் விழா, தனக்கும் ஒரு டேபிள் கொடுத்திருக்கிறார்கள், டிராப் பண்ண முடியுமா என்று இஸ்ரத் கேட்டாள். திங்கட்கிழமை அவள் நியூஜெர்சிக்குப் போகிறாள். வெஸ்ட் வின்ட்சரில் இருக்கிற அவளுடைய அக்கா ஹஃப்சா லாத்தா வீட்டில் ஒரு மாதம் தங்கிவிட்டு வருவதாகப் பேச்சு. அதற்கு ஒரு வாரம் கத்தித் தீர்த்திருந்ததால், இதற்குக் கத்த அவனிடம் தெம்பில்லை. கொண்டுபோய் இறக்கிவிட்டான்.

ஃப்ரீவேயில் ஏறிய பிறகுதான் பக்கத்து சீட்டில் அவளுடைய போன் கிடப்பதைப் பார்த்தான். வந்தது பாருங்கள் கோபம்! வண்டியைத் திருப்பி, பார்க்கிங் கிடைக்காமல் இரண்டு சுற்றுச் சுற்றி, சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு, நாலு பேர் பார்க்க அவளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட வேண்டும் என்று உள்ளே நுழைந்தான்.

உள்ளே பச்சை முடியும் நீல முடியும் அட்டைக் கத்தியுமாக, தங்களுக்குப் பிடித்த படக்கதை ஆட்களைப் போல ஊரே வேஷம் கட்டித் திரிந்தது. அல்தாப் முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டடி வைத்திருப்பான். ரோஸ் நிற முடி வைத்த ஒரு வெள்ளைக்காரப் பெண் அவனைப் பார்த்தாள். கையிலிருந்த சோடா கீழே விழுந்தது.

"ஓ மை காட்! மச்சான்!"

தூக்கிவாரிப் போட்டது அல்தாப்புக்கு. காதில் சரியாகத்தான் விழுந்ததா? திரும்பிப் பார்த்தான். பின்னால் யாருமில்லை. அதற்குள் "மச்சான்! மச்சான்!" என்று நாலைந்து பெண்கள் ஓடிவந்தார்கள். யா அல்லாஹ், இதுகளுக்கு நான் எந்த வகையில் மச்சான்? எந்த நாட்டு முறை இது? ஒருத்தி போட்டோ எடுத்தாள். இன்னொருத்தி அவன் புருவத்துக்கு மேல் விரலைக் கொண்டுவந்து, மச்சத்தைக்கூட விடாமல் வைத்திருக்கிறீர்களே, இது மையா, ஸ்டிக்கரா என்று கேட்டாள். அவன் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்த விதத்தை ஒருத்தி மெச்சினாள். வேஷம் அப்படியே அசலாக இருக்கிறதாம்.

"வாட் நான்சென்ஸ் இஸ் திஸ்!" என்று கத்தினான் அல்தாப். நெற்றி நரம்பு புடைத்தது.

கூட்டம் கைதட்டியது. குரல்கூட அதேதான் என்று ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆபீசில் இவன் கத்தினால் மேனேஜர் கூப்பிட்டுக் கண்டிப்பார். இங்கே ஒன்ஸ்மோர் கேட்கிறார்கள். நம்ம ஆளுக்கு ஒன்றும் ஓடவில்லை. திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி முழித்தான்.

ரோஸ் முடிக்காரிதான் தன் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினாள். அட்டையில் அவன் நின்றான். அதே சுருட்டை முடி, அதே மச்சம், விரலில் சுழலும் சாவி, புடைத்த நரம்பு. பக்கத்தில் முக்காடு போட்ட ஒல்லியான பெண் ஒருத்தி. கீழே இஸ்ரத்தின் பெயர். ஜோடிப் பொருத்தம் அமோகம். கதாநாயகனுக்குப் பெயரே இல்லை. இஸ்ரத் வளர்ந்த வீட்டில் புருஷன் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. கதையில் வருகிற பெண்டாட்டியும் மச்சான் என்றுதான் கூப்பிட்டாள், படித்தவர்கள் எல்லாம் அதையே பெயராக எடுத்துக்கொண்டார்கள். இன்டர்நெட்டில் ரெண்டு வருஷமாக வருகிறதாம். பிலிப்பைன்ஸிலிருந்து பிரேசில் வரை ரசிகைகளாம். கோபக்கார மச்சான் என்றால் உயிரை விடுகிறார்களாம்.

மனுஷன்தானே. உள்ளுக்குள் லேசாகக் குளிர்ந்தது. நம்மைத்தான் நாயகனாக்கியிருக்கிறாள், கள்ளி, சொல்லவே இல்லையே என்று நினைத்தபடி புத்தகத்தைப் பிரித்தான்.

முதல் கதை அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆணத்தில் உப்பு இல்லையென்று கிண்ணத்தைச் சுவரில் அடித்த நாள். நாலு கட்டத்தில் அப்படியே வரைந்திருந்தாள். சுவரில் குழம்பு வழிந்த கோலம்கூட மாறவில்லை. அடுத்த பக்கத்தில் மச்சான் கதவை அறைந்துகொண்டு வெளியே போகிறான். மாடிப்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்கிறான். பிறகு கடைக்கு ஓடி, ஃபலூடா வாங்கிவந்து, மன்னிப்பு என்ற வார்த்தை தொண்டையில் சிக்கி, "கடைக்காரன் சும்மா குடுத்தான்" என்று முறைத்துக்கொண்டே நீட்டுகிறான். அப்புறம் தரையில் மண்டிபோட்டுச் சுவரைத் துடைக்கிறான்.

அல்தாப் புருவத்தைச் சுருக்கினான். நான் எப்போது ஃபலூடா வாங்கினேன்? அன்றைக்குக் கதவை அறைந்துவிட்டுப் போய்ப் படுத்துத் தூங்கியதுதான் அவனுக்கு ஞாபகம். காலையில் சுவர் சுத்தமாக இருந்தது. யார் துடைத்தார்கள் என்று அவன் கேட்கவில்லை.

அடுத்த கதை. ஃப்ரீவேயில் இறங்க வேண்டிய எக்ஸிட்டைத் தவறாகச் சொன்னாள் என்று அவளை ரோட்டோரம் இறக்கிவிட்டுக் கிளம்பிய நாள். மழை. கதையில் மச்சான் கொஞ்ச தூரத்திலேயே காரை நிறுத்திவிட்டு, குடையோடு அவள் பின்னாலேயே நடந்து வருகிறான், கிட்டே வரவும் வெட்கம், விட்டுப் போகவும் மனசில்லை. இந்தப் பக்கம் வந்தாலே அழுகை வந்துவிடும் என்றாள் ரோஸ் முடிக்காரி. நிஜத்தில் அல்தாப் நேராக வீட்டுக்குப் போய் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தான். அவள் நனைந்துகொண்டு நடந்தே வந்தாள்.

அடுத்தது, அவளுடைய வாப்பாவோடு ரொம்ப நேரம் பேசுகிறாள் என்று போனைப் பிடுங்கியது. கதையில் மறுநாள் விடிகாலையில் மச்சானே மாமனாருக்குப் போன் போட்டு, திக்கித் திணறி, அவள் கையில் கொடுக்கிறான்.

யார் இவன்? எவன் இவளுக்கு ஃபலூடா வாங்கிக் கொடுத்தது? எவன் குடை பிடித்தது? பக்கம் பக்கமாகத் திருப்பினான். முகம் அவன் முகம்தான். எல்லாக் கதையிலும் முதல் பாதி அவன் வீட்டில் நடந்தது. இரண்டாம் பாதி ஒன்றுகூட நடக்கவில்லை. கோபத்தை மட்டும்தான் அவன் கொடுத்திருந்தான். குணத்தை அவள் உட்கார்ந்து வரைந்திருந்தாள்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவளைத் தேடிக் கிளம்பினான். இழுத்துப்போனது அவமானமா பயமா என்று அவனுக்கே தெரியவில்லை.

அவளுடைய டேபிளைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வரிசை கதவு வரை நின்றது. விசாவை நினைத்து அவள் காசு வாங்காமல் சும்மாவே கொடுத்துக்கொண்டிருந்தாள். பிரதி அச்சடித்துக் கொடுத்த பக்கத்து அபார்ட்மெண்ட் ரெனிஷா அடுக்கிவைக்க, இஸ்ரத் கையெழுத்துப் போட்டுச் சிரித்தாள். இவ்வளவு சத்தமாகச் சிரிப்பாளா இவள்? அல்தாப் அதையும் அன்றைக்குத்தான் பார்த்தான்.

டேபிளில் கடைசிக் கதையின் பிரதிகள் இருந்தன. ஒன்றை எடுத்தான். அந்தப் பெண் சூட்கேஸில் துணி அடுக்குகிறாள். மச்சான் தூங்குகிறான். அவள் கதவைச் சாத்திக்கொண்டு போகிறாள். அதற்குப் பிறகு வெள்ளைத் தாள்.

"இஸ்ரத்."

நிமிர்ந்தாள். சிரிப்பு நின்றது. ஒரு கை தானாகப் போய் பேனா பிடித்த கையை மூடிக்கொண்டது. வரிசையில் நின்றவர்கள் அதைப் பார்த்துக் கலகலவென்று சிரித்தார்கள். கதையில் அவள் அப்படித்தான் செய்வாளாம்.

"என்ன இது? ஊரைக் கூட்டி என் மானத்தை வாங்குறியா?"

"உங்க மானத்துக்கு என்ன மச்சான்? எல்லாரும் உங்களைக் கொண்டாடத்தானே செய்றாங்க."

வழக்கமாகப் பாய்ந்து வரும் கோபம் எங்கே போய்த் தொலைந்தது என்று தெரியவில்லை. குரலைத் தாழ்த்தினான்.

"நான் எப்ப உனக்கு ஃபலூடா வாங்கிட்டு வந்தேன்?"

"வாங்கிட்டு வரல."

"குடை?"

"அதுவும் இல்ல."

"அப்புறம் எதுக்கு அப்படி வரைஞ்சே?"

இஸ்ரத் பேனாவை மூடி வைத்தாள். "அப்படி வரைஞ்சாத்தான் மச்சான், மறுநாள் காலைல எந்திரிச்சு உங்களுக்கு டீ போட முடிஞ்சுது. இல்லன்னா முடியாது. ராவோட ராவா கதைல அவரை நல்லவரா ஆக்கிட்டுத்தான் தூங்குவேன்."

ரெனிஷா தலையைக் குனிந்துகொண்டாள். அல்தாப் கடைசிக் கதையைத் தூக்கிக் காட்டினான். "இதுல ரெண்டாவது பாதி எங்க?"

"வரல. மூணு தடவை வரைஞ்சு பார்த்தேன். அவரை எழுப்பவே முடியல."

"ஒரு மாசம்தானே போறே?" அவன் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "ஒரு மாசம்தானே இஸ்ரத்?"

"ரிட்டர்ன் டிக்கெட் போடல மச்சான். லாத்தாகிட்ட சொல்லிட்டேன். வாப்பாகிட்டயும் சொல்லிட்டேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியாம இருந்தேன்."

சாரி சொல்ல வேண்டும், இப்போதே சொல்ல வேண்டும் என்று அல்தாப்புக்குப் பட்டது. எப்படி ஆரம்பிப்பது? அந்தப் புத்தகத்து மச்சானுக்குத் தெரியும், முறைத்துக்கொண்டே சொல்லிவிடுவான். இவனுக்குப் பழக்கமில்லை. சட்டைப் பையிலிருந்த அவள் போனை எடுத்து டேபிளில் வைத்தான்.

அதற்குள் ரோஸ் முடிக்காரி மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அவர்கள் தமிழில் பேசியது அவளுக்குப் புரியவில்லை. ஆனால் ஏதோ பிடிபட்டுவிட்டது. "வெயிட்! இது வேஷம் இல்லையா? நிஜ மச்சானே இவர்தானா?" என்று இஸ்ரத்திடம் கத்தினாள். வரிசை முழுக்க அவர்கள் பக்கம் திரும்பியது.

அல்தாப் இஸ்ரத்தைப் பார்த்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், போதும். மிச்சத்தை எப்படியாவது கற்றுக்கொள்ளலாம் என்று அவன் மனசு கெஞ்சியது. வாழ்க்கையில் யாரிடமும் கெஞ்சாத மனசு.

இஸ்ரத் அவனை நன்றாக ஒருமுறை பார்த்தாள். கோபமாக இல்லை.

"நோ, நோ" என்றாள் அந்தப் பெண்ணிடம், நிதானமான ஆங்கிலத்தில். "இவர் என் ஹஸ்பண்ட். கொஞ்சம் மச்சான் ஜாடை, அவ்வளவுதான்."

ரோஸ் முடிக்காரியின் முகம் தொங்கிப்போயிற்று. அல்தாப்பிடம் சாரி சொல்லிவிட்டு விலகிப் போனாள். அவளுக்கு எவ்வளவு சுலபமாக அந்த வார்த்தை வந்தது என்று அவன் பார்த்துக்கொண்டே நின்றான். பின்னால் கண்ணாடி போட்ட ஒருத்தன் அவன் தோளைத் தொட்டு, கொஞ்சம் நகர முடியுமா, எல்லாரும் ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறோம் என்றான்.

அல்தாப் நகர்ந்தான்.