இரண்டு பிரேக் உள்ள கார்

1

இது முதலில் கதையே இல்லை. இணைய இதழ் ஒன்று என்னிடம் ஒரு பயணக் கட்டுரை கேட்டது. கடலோரமாகவே காரில் போக வேண்டும், செலவு கையைக் கடிக்கக் கூடாது, வழியில் பார்க்க வேண்டிய இடங்கள், மலிவான அறைகள், கூடவே நல்ல படங்கள். எனக்கு எழுத வரும், கார் ஓட்ட வராது. என் அக்காவும் அவள் கணவரும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர்கள். அக்கா கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். பள்ளிக்கு நாலைந்து நாள் லீவு விட்டுவிட்டு இரண்டு பேரும் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். வாடகைக் கார் எதற்கு, பள்ளிக் காரே போதும் என்றார் மாமா. கட்டுரையில் எழுத வேண்டிய முதல் சிக்கன யோசனை கிடைத்துவிட்டது.

அந்தக் காரின் கூரையில் 'பயிற்சி வாகனம்' என்று ஒரு பலகை உண்டு. ஆணி துருப்பிடித்துவிட்டதால் கழற்ற முடியவில்லை. பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஒன்றை மிதித்தால் மற்றதும் சேர்ந்து கீழே இறங்கும். அக்கா ஓட்டினாள், மாமா பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் நானும் ரொட்டிப் பொட்டலங்களும்.

கட்டுரை எழுத உட்கார்ந்தேன். பாருங்கள், என்ன வந்து நிற்கிறது.

2

எழுதிக் கைவிட்ட தொடக்கங்களை அப்படியே விட்டு வைக்கிறேன்.

"வளைவைத் தாண்டியதும் கடல் நீலமாக விரிந்து—" (வேண்டாம். கடல் அன்றைக்குக் கழுநீர் நிறத்தில் இருந்தது.)

"பயணங்கள் நமக்குக் கற்றுத் தருவது என்னவென்றால்—" (ஒரு மண்ணும் கற்றுத் தரவில்லை. முதுகு வலித்தது.)

"அக்காவுக்கு வேலை கிடைத்திருந்தது."

இதுதான் சரி. இங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். அக்காவுக்குத் தொலைதூரப் பேருந்து ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. கனரக வாகன உரிமத்தை அவள் யாருக்கும் சொல்லாமல் எடுத்து வைத்திருந்தாள். அந்தக் கம்பெனி இருப்பது வேறு நகரத்தில். போனால் அங்கேயே தங்க வேண்டும், மாதம் ஒருமுறை வந்து போகலாம். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் இருப்பதே இவர்கள் இரண்டு பேர்தான். கடிதம் வந்த அன்று அதை மாமாவிடம் காட்டினாள். அவர் படித்துவிட்டு, "நல்ல கம்பெனிதான்" என்றார். அதோடு சரி. அதற்குப் பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

பயணம் முழுக்க அந்தப் பேச்சு எப்போது வரும் என்று நான் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதுகிறவர்களுக்கு இந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

3

முதல் வரைவில் மாமாவை வில்லனாக எழுதினேன். எழுதுவதும் சுலபமாக இருந்தது. அக்கா ஒரு லாரியை முந்தப் பார்ப்பாள், மாமா பக்கத்திலிருந்து பிரேக்கை மிதிப்பார்.

"நான்தானே ஓட்டுறேன்?"

"நீதான் ஓட்டுற. யாரு இல்லைன்னா?"

"அப்ப ஏன் மிதிக்கிறீங்க?"

"நான் எங்க மிதிச்சேன்? காலு தானா போகுது."

முதல் நாள் முழுக்க இதே பாட்டு. கலங்கரை விளக்கத்துக்குப் போனோம், உள்ளே வர்ணம் அடிக்கிறார்கள் என்று பூட்டியிருந்தது. (கட்டுரைக்குக் குறிப்பு: வெளியே நின்று பார்க்கக் காசில்லை.) அங்கே வண்டி நிறுத்துமிடத்துக் காவலர் கூரைப் பலகையைப் பார்த்துவிட்டு, அக்காவுக்குக் கையைக் காலை ஆட்டி வழி சொன்னார்: "மெதுவா வாங்கம்மா, பயப்படாதீங்க, கத்துக்கறப்ப அப்படித்தான் இருக்கும்." ஊரில் பாதிப் பேருக்கு உரிமம் வாங்கிக் கொடுத்தவள் அக்கா. பல்லைக் கடித்துக்கொண்டு, "சரிங்கண்ணா" என்றாள். மாமா சிரித்த சிரிப்பில் கார் ஆடியது. அவளும் சிரித்துவிட்டாள்.

இந்தச் சிரிப்புதான் என் வில்லனைக் கெடுத்தது. ஒரு பெண்ணை அடக்கி வைக்கிற கணவனோடு சேர்ந்து அவள் இப்படிச் சிரிப்பாளா? பூசி மெழுகிப் பார்த்தேன், ஒட்டவில்லை.

4

அறையைப் பற்றி ஒரு பத்தி. 'கடல் தெரியும் அறை' என்று போட்டிருந்தார்கள். குளியலறையில் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நின்றால் தெரிந்தது. சாப்பிட்டுவிட்டு மாமா மத்தியானம் சற்றுக் கண்ணயர்ந்தார். தூக்கத்தில் அவர் வலது கால் பாதம் மட்டும் அடிக்கடி கட்டிலின் மரச்சட்டத்தை அழுத்தியது. அக்காவிடம் காட்டினேன்.

"இது எப்பவும் இருக்கறதுதான்," என்றாள். "டிவி பார்க்கறப்பவும் மிதிப்பார். பஸ்ல போனாலும் மிதிப்பார். எத்தனையோ வருஷமா தெரியாதவங்க பக்கத்துல உசுரைக் கையில பிடிச்சிக்கிட்டு உக்கார்ந்திருக்காரு இல்ல." பிறகு தன் துண்டை மடித்து அந்தச் சட்டத்தில் வைத்தாள், அவர் கால் வலிக்காமல் இருக்க.

(இந்த இடத்தைப் படித்த அக்காவின் ஆட்சேபம்: "துண்டு வச்சது நானில்ல, அவரே வச்சிருந்தாரு. கண்டதெல்லாம் எழுதாத." துண்டு வைத்தது அவள்தான். என் கண்ணால் பார்த்தேன். மாற்ற மாட்டேன்.)

5

இனி நடந்தது. இதை மட்டும் ஜோடனை இல்லாமல் எழுத முயல்கிறேன்.

மீன்பிடித் துறைக்கு மேலே ஒரு சரிவு. அங்கிருந்து பார்த்தால் படகுகள் மொத்தமும் தெரியும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அக்கா வண்டியை ஓரம் கட்டினாள். ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கிளம்பப் போகிறோம் என்பதால் இஞ்சினை அணைக்கவில்லை, கியரை மட்டும் நியூட்ரலுக்குத் தள்ளினாள். நான் ஜன்னலைத் திறந்து படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் இருவரும் படகுகளைப் பார்த்தார்கள். அக்கா சட்டென்று, "அங்க போனா கடலே இருக்காது" என்றாள்.

அந்தப் பேச்சு ஒருவழியாக வந்துவிட்டது. நான் படம் எடுப்பதை நிறுத்தினேன்.

மாமா அவள் பக்கம் திரும்பினார். அவளும் திரும்பினாள். கார் நகர்ந்தது.

நகர்ந்தது என்றால் சும்மா இல்லை. சரிவில் நேராக இறங்கி, ஒரு மீன் கூடையைத் தட்டிவிட்டு, உலரப் போட்டிருந்த வலைக் குவியலில் போய்ப் பொதுக்கென்று முட்டி நின்றது. ஒருவருக்கும் அடியில்லை. ரொட்டிப் பொட்டலங்களோடு நான் முன் இருக்கைகளின் நடுவே வந்து விழுந்திருந்தேன்.

"நீங்க மிதிச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்," என்றாள் அக்கா.

"நீ மிதிச்சிருக்கேன்னு நினைச்சேன்," என்றார் மாமா.

கை பிரேக் போடாமல் வண்டியிலிருந்து கவனத்தை எடுக்கக் கூடாது என்பதுதான் அவர்கள் பள்ளியின் முதல் பாடம். வேறு எந்தக் காராக இருந்தாலும், ஓட்டுகிறவர்தான் பிரேக்குக்குப் பொறுப்பு என்று அந்தக் கால்களுக்குத் தெரிந்திருக்கும். இந்தக் காரில் மட்டும்தான் யார் மிதிக்கிறார்கள் என்ற சந்தேகத்துக்கு இடமிருந்தது.

வலைக்காரர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் கூரைப் பலகையைப் படித்துவிட்டு உள்ளே குனிந்தார். "ரெண்டு பேருல யாருங்க கத்துக்கறது?"

ஓட்டக் கற்றுக்கொடுக்கிற இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. அந்தப் பேச்சு அதோடு போனது. மிச்ச வழியெல்லாம் பாறைக் குகை, உடைந்த கோட்டைச் சுவர், சிப்பி விற்கும் கடை. எதைப் பார்த்தோம் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது.

6

ஞாயிற்றுக்கிழமை. ஊர் திரும்பியாயிற்று. அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கைவசம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன.

அ) அக்கா போகிறாள். பேருந்து நிலையத்தில் மாமா கையசைக்கிறார். (அழுகை வரும். ஆனால் அவர் கையசைக்கிற ஆள் இல்லை.)

ஆ) அக்கா போகவில்லை. பள்ளிக்கு ஒரு புதுக் கார் வாங்குகிறார்கள். (சுபம். எனக்கே சகிக்கவில்லை.)

அக்கா பாத்திரம் துலக்கிய ஈரக் கையோடு பின்னால் வந்து நின்று படித்தாள்.

"ரெண்டும் தப்பு."

"அப்ப நீ சொல்லு. போகணுமா, வேண்டாமா?"

"போகணும்டி. எவ்ளோ ஆசைன்னு உனக்குத் தெரியாது." நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா அவரு 'போகாத'ன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் இருந்துடுவேன். அதான் கேட்கப் பயமா இருக்கு."

வெளியே மாமா காரின் மிதியடிகளைச் சுவரில் அடித்து மணல் தட்டிக்கொண்டிருந்தார். போனேன். மூக்கை நுழைப்பது என்று ஆகிவிட்டது, இனி என்ன.

"ஏன் மாமா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீங்க?"

"சொன்னா கேட்டுடுவாளே."

"கேட்டாத்தான் என்ன?"

"போன்னு சொன்னா, துரத்துறேன்னு நினைப்பா. போகாதன்னு சொன்னா இருந்துடுவா. அப்புறம் தினம் காலையில அவ மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு நான் எப்படிம்மா காபி குடிக்கறது?"

"சரி, உங்களுக்கு என்ன வேணும்?"

மிதியடியை இன்னும் இரண்டு தடவை அடித்தார். மணல் எப்போதோ போய்விட்டிருந்தது.

"எனக்கு அவ வேணும். வேறென்ன வேணும்? இதைக் கதையில போட்டுடாத."

போட்டுவிட்டேன்.

"மாமா, இதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?" என்று மட்டும் கேட்டேன்.

7

இது கடைசிப் பகுதி. சின்னதுதான்.

சற்று முன் மாமா உள்ளே வந்தார். கை கழுவினார். குழாயை மூடினார். சமையலறையில் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"கொஞ்சம் உக்காரு," என்றார். "அந்தத் திங்கட்கிழமை விஷயம். முதல்ல நான் சொல்றதைச் சொல்லிடறேன். கேட்டுட்டு, நீ உன் இஷ்டப்படி செய்யணும். சத்தியமா."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அக்கா, "சொல்லுங்க" என்றாள்.

நான் இருப்பது பத்தடி தள்ளி. ஒரு வார்த்தை விடாமல் கேட்கும். பயணம் முழுக்க இதற்காகத்தான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். உங்களையும் இவ்வளவு தூரம் இதற்காகத்தான் இழுத்து வந்தேன்.

மடிக்கணினியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். சமையலறைக் கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். இதை இங்கே படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீங்களும் வெளியே வந்துவிடுங்கள். அவர்கள் பேசட்டும்.