ஏழு புள்ளி ஒன்பது

வெளிச்சப் பலகையின் மேல் வலது கையை நீட்டி, விரல்களை விரித்து, அக்கா உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டுகளை எடுக்க நான் உள்ளே போனதும், திருடும்போது மாட்டிக்கொண்டவர் மாதிரி சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"நடுங்குதான்னு பாரு," என்றார். "எனக்கு ஒண்ணும் தெரியல. சார் சொன்னதுக்கு அப்புறம் நடுங்குற மாதிரியே இருக்கு."

எங்கள் ஆய்வகத்தில் ஆன்டிபயாடிக் மருந்துகளின் வீரியத்தைச் சோதிப்பவர் அக்கா. கிருமி கலந்த மீடியாவைத் தட்டில் ஊற்றி உறையவைத்து, அதில் குழிகள் போட்டு, ஒவ்வொரு குழியிலும் மருந்தைத் துளி பிசகாமல் விடுவார். மறுநாள் குழியைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம் விழுந்திருக்கும். வட்டம் எவ்வளவு அகலமோ மருந்துக்கு அவ்வளவு பலம். இருபத்திரண்டு வருடமாக அக்கா விட்ட துளியில் ஒன்றுகூட ஓரத்தில் வழிந்ததில்லை என்பார்கள். கிருமிக்குத் தீனியான அந்த மீடியாவைக் காய்ச்சித் தருவது என் வேலை. என் அறைக்குச் சமையலறை என்றே பெயர். 'கிருமிக்குப் பொங்கிப் போடுறவ' என்று கிண்டல் செய்வார்கள். "என் சமையலச் சாப்பிட்டவன் எவனும் இதுவரைக்கும் குறை சொன்னதில்ல" என்று நானும் விட்டுக்கொடுக்காமல் பதில் சொல்வேன். வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை எனக்கு.

இந்த வாரம் ஒரே மருந்து மூன்று முறை சொதப்பிவிட்டது. வட்டங்கள் சுருங்கி, விளிம்பு மங்கி, கூடுதல் அளவு விட்ட குழி எது, குறைந்த அளவு விட்டது எது என்றே பிரிக்க முடியவில்லை. எல்லோர் முன்னாலும் அதிகாரி சொன்னார்: "கை முன்ன மாதிரி இல்ல போலிருக்கு மேடம். வயசாகுதுல்ல." அக்கா தரையைப் பார்த்தார். எனக்கு அந்த நிமிடம் நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஏனென்றால் எனக்கு அதற்கு முன்பே தெரியும். நான் காய்ச்சுவது இரண்டு வகை மீடியா; இரண்டுக்கும் ஒரே பொடிதான். நிறமும் மணமும் ஒன்றுதான். ஆனால் இந்த மருந்து காரத்தன்மையில்தான் முழுசாக வேலை செய்யும். அதனால் இதற்கு மட்டும் காரக் கரைசல் சேர்த்து, பிஎச் மீட்டரில் ஏழு புள்ளி ஒன்பது காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பதினொரு வருடமாக அதே அளவு ஊற்றினேன், மீட்டரும் அதையே காட்டியது. பிறகு மீட்டரைப் பார்ப்பானேன்? காலையில் வந்ததுமே நோட்டில் எண்ணை எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்துவிடப் பழகிக்கொண்டேன். முந்தாநாள் அடுத்த தடவை காய்ச்சுவதற்காக அலமாரியைத் திறந்தேன். பழைய காரம் தீர்ந்துபோய், போன வாரம் புதிதாகக் கலந்து, மூடியில் டேப் ஒட்டி வைத்த புட்டி. டேப் பிரியவே இல்லை. அப்படியானால் போன வாரம் காய்ச்சிய நாற்பது புட்டி மீடியாவிலும் ஒரு சொட்டுக் காரம்கூடப் போகவில்லை.

நான் என்ன செய்தேன்? கதவைச் சாத்திவிட்டு, டேப்பைப் பிரித்து, ஒரு தடவைக்கு வேண்டிய அளவை எடுத்துக் கழுவு தொட்டியில் ஊற்றினேன். தண்ணீரையும் திறந்துவிட்டேன்.

"ஸ்டோருக்கு மாத்தச் சொல்லி எழுதிட்டேன்," என்றார் அக்கா. இடது கையில் நாலாக மடித்த காகிதம். "நாலு மணிக்குக் குடுக்கணும். அங்க துளி விடுற வேலை இல்ல பாரு."

"அவசரப்படாதீங்கக்கா."

"இதுல அவசரம் என்ன? மீடியா மேல சந்தேகம் இருக்கான்னுகூடக் கேட்டார். வாயக் கழுவுங்க சார், அவ நோட்டப் பாருங்க, ஒரு தடவகூட மாறினதில்லன்னேன். உன்னப் போய்ச் சொல்ல முடியுமாடி?"

மீட்டர் பழுது என்று சொல்லலாம், பொடி சரியில்லை என்று சொல்லலாம். பொய்கள் வரிசையாக வந்து நின்றன. அவை அவ்வளவு சுலபமாக வந்ததே எனக்கு அவமானமாக இருந்தது.

"சமையலறை வரைக்கும் வாங்கக்கா," என்றேன்.

அந்த நாற்பதில் மிச்சமிருந்த ஒரு புட்டி மீடியாவை உருக்கி, பீக்கரில் கிட்டத்தட்ட விளிம்பு வரை ஊற்றினேன். கை தாங்குகிற சூட்டுக்கு வந்ததும் அதை அக்காவிடம் நீட்டினேன். பீக்கரையும் மீட்டர் குச்சியையும் சேர்த்துப் பிடிக்கும் தாங்கி உடைந்து ஒரு வருடம் ஆகிறது. உபயோகிக்காத எனக்கு அது எதற்கு?

அக்கா வலது கையில் வாங்கிக்கொண்டார். நான் நோட்டைத் திறந்து மேஜையில் வைத்துவிட்டுக் குச்சியை இறக்கினேன். ஏழு. ஆறு புள்ளி எட்டு. ஆறு புள்ளி ஆறு. அங்கேயே நின்றுவிட்டது.

அக்கா மீட்டரைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார்.

"எத்தன புட்டி?"

"நாப்பதும்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"முந்தாநாளே."

அவர் திட்டியிருந்தால் அழுதாவது தொலைத்திருப்பேன். அறையில் கண்ணாடி கண்ணாடியில் மோதும் சின்னச் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கிருந்து என்று தேடியபோதுதான் தெரிந்தது, பீக்கரின் விளிம்பில் இடித்துக்கொண்டிருப்பது என் கையிலிருந்த குச்சி. நான் அதை வெளியே எடுத்தேன். நிறைந்த பீக்கரை அக்கா அப்படியே பிடித்திருந்தார். மீடியா ஒரு அலைகூட இல்லாமல் அவர் கையிலேயே உறைய ஆரம்பித்திருந்தது.