மூன்றாக மடித்த பை

அப்பாவின் தாடையைக் கட்ட வெள்ளைத் துணி வேண்டியிருந்தது. மூத்தவள் சமையலறை இழுப்பறையைத் திறந்து, அடுக்கியிருந்த மாவுப் பைகளில் மேலே இருந்ததை எடுத்தாள். தையலைப் பிரித்து நீளவாக்கில் கிழித்தாள். கெட்டிப் பருத்தி. கிழியும் சத்தம் கூடம் வரை கேட்டது.

"புதுத் துணி எதுவும் இல்லையாம்மா?" என்றார் சித்தப்பா.

"இது சுத்தமா துவைச்சதுதான் சித்தப்பா. மில்லுல குடுக்கறது."

அப்பா நாற்பது வருடம் மாவு மில்லில் வண்டி ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் வியாழக்கிழமை தவறாமல் "மில்லு வரைக்கும் போய்ட்டு வரேன்" என்று கிளம்புவார். திரும்பும்போது கையில் ஒரு காலிப் பை இருக்கும். துவைத்து, இஸ்திரி போட்டு, மூன்றாக மடித்த பை. மில்லில் இத்தனை ஒழுங்கானவர் யார் என்று அவள் கேட்டதே இல்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பானேன் என்று, வந்த பைகளில் பாதியைக் கைப்பிடித் துணியாகக் கிழித்துவிட்டாள்.

துணியை முகவாயின் கீழ் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். நேற்று மாலை வரை பேசிய வாய். கடைசியாகப் பேசியதை நினைக்காமல் இருக்கத்தான் அவள் விடிந்ததிலிருந்து வேலை தேடிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் படத்தத் திருப்பி வைம்மா" என்றுதான் அப்பா சொன்னார்.

கூடத்துச் சுவரில் ஒரு படம் பத்து வருடமாக முதுகைக் காட்டிக்கொண்டு தொங்குகிறது. திருப்பி மாட்டியவர் அப்பாவேதான். "காலையில பாத்துக்கலாம்பா, தூங்குங்க" என்றாள் மூத்தவள். எழுந்து நான்கு எட்டு வைத்தால் போதும். சோம்பல் இல்லை, மனசு வரவில்லை. காலையில் பார்ப்பதற்கு அப்பா இல்லை.

படத்தில் இருப்பவள் ஒரு புனிதை. பதினாறு வயதில், போனவர்கள் வெளியே வராத அடைப்பு மடத்துக்குள் போய், இருபத்துமூன்றில் காசநோயில் இறந்தவள். வீட்டில் அவளைச் 'சின்ன சிஸ்டர்' என்பார்கள். வேறு வேலைக்குத் தெம்பில்லாததால் அவளைச் சலவை அறையில் துணி மடிக்க விட்டார்கள். 'யாருக்கென்று தெரியாது, அவர் முகத்தை நானே துடைப்பதாக நினைத்து மடிக்கிறேன்' என்று ஒருமுறை சொன்னாளாம். அவள் சரித்திரமே அவ்வளவுதான். அதற்கே நூறு வருடத்துக்குப் பிறகும் நோயாளிகள் அவள் படத்தின் முன் கைக்குட்டையை மடித்து வைத்து வேண்டிக்கொள்கிறார்கள். அம்மாவும் வைத்தாள். அம்மா பிழைக்கவில்லை, ஆனால் பயமில்லாமல் போனாள். அப்போது குட்டிக்கு ஒன்பது வயது.

குட்டி தங்கை. அவளுக்குத் தலை வாரி, சோறு ஊட்டி, துணி மடிக்கச் சொல்லிக்கொடுத்து வளர்த்தது மூத்தவள். பத்தொன்பதாவது வயதில் குட்டி ஒரு பெட்டியோடு நின்று, "சின்ன சிஸ்டர் மாதிரி நானும் போறேன்ப்பா" என்றாள். அப்பா கத்தவில்லை. படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். "செத்தாலும் அந்த மடத்து வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றார். சித்தப்பா அதற்குச் சாட்சி.

மூத்தவள் எந்தச் சபதமும் போடவில்லை. முதல் வருடம் இரண்டு முறை மடத்துக்குப் போய்க் கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பேசிவிட்டும் வந்தாள். பிறகு அவளுக்குப் பிறந்த ஆண் குழந்தை மூன்றாம் நாள் இறந்தது. வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். குட்டி வரவில்லை, கடிதம்தான் வந்தது. அதைப் பிரிக்காமல் பீரோவில் போட்டவள், அந்தத் தெருப்பக்கமே போவதை நிறுத்திவிட்டாள். அப்பாவுக்கும் அது சௌகரியம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

"நாலு மணிக்கு அடக்கம். குட்டிக்கு யாரு சொல்றது?" என்றார் சித்தப்பா.

"நான் சொல்றேன்" என்று எழுந்தாள். அவளுக்குள் ஒரே பிடிவாதம்தான் இருந்தது. சவப்பெட்டியை மூடுவதற்குள் குட்டி ஒருமுறை அப்பா முகத்தைப் பார்க்க வேண்டும். தன் குழந்தைக்கு வரவில்லை, போகட்டும். பெற்றவருக்கு வந்தே ஆக வேண்டும்.

மடத்தின் வாசலில் மூன்று படிகள். உள்ளே சிறிய அறையில் வயதான வாசல் சிஸ்டர் ஒரு நாற்காலியைத் தூசி தட்டி நகர்த்தினார். கம்பி இல்லாமல் வெளியாட்களோடு பேச அனுமதி உள்ளவர் அவர் ஒருவர்தான். மூத்தவள் உட்காரவில்லை.

"தங்கச்சிய அனுப்புங்க சிஸ்டர். அப்பா போய்ட்டாரு."

சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார்.

"வெளிய வர எங்க சட்டத்துல இடமில்லம்மா. ஆனா இங்க கொண்டு வாங்க. எங்க கோவில்ல வைக்கலாம், கம்பிக்குப் பின்னால நின்னு அவ பாக்கலாம். மதர் ஒத்துக்குவாங்க."

"அது முடியாதே. இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொன்னவரு எங்கப்பா. பத்து வருஷம் இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கல."

சிஸ்டர் அவளைப் புரியாமல் பார்த்தார்.

"வாரா வாரம் வந்துட்டிருந்தாரேம்மா?"

"யாரு?"

"உங்கப்பாதான். நாங்க கோவில்களுக்கெல்லாம் நற்கருணை அப்பம் சுட்டுக் குடுக்கறோம் இல்லையா, அதுக்கு மாவு கொண்டு வருவாரு. வாசப்படிய மிதிக்கல, நெசந்தான். தெருவுல நின்னே குடுப்பாரு."

சிஸ்டர் அவளை வெளியே கூட்டிப்போய்த் தெருவோரச் சுவரைக் காட்டினார். சுவருக்குள் பதித்த மரச்சுழல்பெட்டி. பீப்பாய் மாதிரி உருண்டை, ஒரு பக்கம் மட்டும் திறப்பு. வெளியே நிற்பவர் பொருளை வைத்துச் சுழற்றினால் அது உள்ளே போகும், உள்ளிருப்பது வெளியே வரும். யாரும் யாரையும் பார்க்க முடியாது.

"முதல்ல ரெண்டு தட்டு தட்டுவாரு. கொஞ்சம் விட்டு இன்னொண்ணு."

அது வீட்டுக் கதவில் அப்பா தட்டும் தட்டு. அடுப்படியில் இருக்கும் குட்டி அந்தச் சத்தம் கேட்டுத்தான் ஓடி வருவாள்.

"மாவு வாங்கி வைக்கறது அவ வேலை. உள்ள இருந்து அவளும் அதே மாதிரி தட்டுவா. அங்க பேசக்கூடாது, ரெண்டு பேரும் பேசினதில்ல. போன வாரத்துப் பையத் துவைச்சு மடிச்சு வைப்பா, அவரு எடுத்துட்டுப் போவாரு. எங்களுக்கெல்லாம் தெரியும். தெரியாத மாதிரி இருந்துட்டோம்."

"அந்தப் பையா..." என்றாள் மூத்தவள். அது அவள் சொல்லிக்கொடுத்த மடிப்பு. தன் வீட்டு மடிப்பாக இருந்ததால்தான் அது அவள் கண்ணிலேயே படவில்லை. அதைக் கிழித்து அடுப்பு துடைத்தாள், தரை துடைத்தாள். சபதம் போட்டவர் வாராவாரம் வந்திருக்கிறார். சபதமே போடாத அவள்தான் வரவில்லை. தன் கோபத்துக்கு மரியாதை கொடுத்துத்தான் அப்பா இதை மறைத்தார் என்று இப்போது புரிந்தது. அவரும் அவளும் ஒரே வீட்டில் ஒருவருக்காக ஒருவர் கோபமாக இருந்து தொலைத்திருக்கிறார்கள்.

"மூணு வாரமா வேற ஆள் வராரு, மணி அடிக்கறாரு" என்றார் சிஸ்டர். "அவ எதுவும் கேக்கல. ஆனா உங்கப்பா கடைசியா கொண்டு வந்த பைய மட்டும் அந்த ஆளுக்குக் குடுக்கல. தினம் துவைக்கறா, காயப்போடறா, மறுபடி துவைக்கறா."

"உள்ள போய் அவகிட்ட கேளுங்க சிஸ்டர். கோவிலுக்கே கொண்டு வரேன். சித்தப்பாவ நான் சமாளிச்சுக்கறேன். அவ மொகம் பாக்கட்டும்."

சிஸ்டர் போனார். மூத்தவள் வெயிலில் சுழல்பெட்டியின் பக்கத்திலேயே நின்றாள். அப்பா கை பட்டுப் பட்டு அதன் விளிம்பில் ஓர் இடம் வழவழப்பாக இருந்தது. அரைமணி நேரம் கழித்து சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"'அப்பா சொன்ன சொல்லு அப்பாவோடயே இருக்கட்டும், வழக்கமா வர எடத்துக்கே வரட்டும்'னு சொல்றா."

"மொகம் பாக்க வேணாமாமா?"

"நானும் அதையேதான் கேட்டேன். பத்து வருஷமா பாத்துட்டுதானே இருக்கேன்னா."

மூத்தவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. என்ன பிள்ளை இவள், இவள் நெஞ்சு என்ன கல்லா என்று பல்லைக் கடித்துக்கொண்டு பாதி தூரம் நடந்தாள். மீதி தூரம் அழுதுகொண்டே நடந்தாள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் யாரோடும் பேசாமல் ஸ்டூலைப் போட்டு ஏறிப் படத்தைத் திருப்பினாள். பத்து வருடம் வெளிச்சம் படாததால் நிறம் மங்கவே இல்லை. கையில் மடித்த துணியோடு அந்தப் பெண் இருபத்துமூன்று வயதில் அப்படியே இருந்தாள். குட்டிக்கு இப்போது இருபத்தொன்பது. அந்த முகத்தை மூத்தவள் பார்த்து ஒன்பது வருடமாகிறது. "திருப்பிட்டேன்பா" என்றாள். சித்தப்பா முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டார்.

மூன்றரை மணிக்கு அப்பாவை ஏற்றிய வண்டி மடத்துச் சுவரோரம் நின்றது. எதற்கு என்று சித்தப்பாவுக்கு மட்டும் சொல்லியிருந்தாள். அவர் வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டார். பெட்டியை இன்னும் மூடவில்லை. தாடைக்கட்டை அவள் அவிழ்க்கவில்லை.

மூத்தவள் சுழல்பெட்டியைத் தட்டினாள். ரெண்டு. கொஞ்சம் விட்டு ஒன்று.

உள்ளே சத்தமில்லை. தெருவில் ஒரு சைக்கிள் போனது. பிறகு, மரத்துக்கு மிக அருகில் ரெண்டு தட்டுக் கேட்டது. கொஞ்சம் விட்டு வர வேண்டிய ஒன்று வரவில்லை. சித்தப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். வெகுநேரம் கழித்து அதுவும் வந்தது. சுழல்பெட்டி மெதுவாகத் திரும்பியது.

உள்ளே மூன்றாக மடித்த பை இருந்தது. இஸ்திரி போடவில்லை. கையில் எடுத்தபோது சில்லென்றிருந்தது. இன்றைக்கும் துவைத்திருக்கிறாள், காய நேரம் போதவில்லை.

மூத்தவள் அதைப் பிரிக்காமல் கொண்டுபோய் அப்பாவின் கைகளுக்கு அடியில், நெஞ்சின் மேல் வைத்தாள். சலவைச் சட்டையில் ஈரம் மெல்லப் பரவியது.

"சட்டை நனையுதும்மா" என்றார் சித்தப்பா.

"நனையட்டும் சித்தப்பா."

நேரமாகிறது என்று யாரோ சொன்னார்கள். அவள் இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை எடுத்தாள். காலையிலிருந்து கசங்கிக் கிடந்தது. வண்டியின் விளிம்பில் வைத்து நீவி மூன்றாக மடித்தாள். சுழல்பெட்டிக்குள் வைத்து உள்பக்கம் திருப்பினாள்.

தட்டக் கையை ஓங்கியவளுக்கு, தன்னுடைய தட்டு எது என்று தெரியவில்லை. உள்ளங்கையை மரத்தின் மேல் வைத்தபடி நின்றாள்.