பிரவுனி விரதமிருந்த நாள்

கலாவதியின் கைப்பேசியில் பதினொரு குரல் பதிவுகள் இருந்தன. அனைத்தையும் அனுப்பியவள் ஒருத்தியே. கலாவதியின் தம்பி குமரவேலின் மகள் ரூபினி. மூன்று வயதிலும் நான்கு வயதிலும் அவள் அனுப்பிய அப்பதிவுகளில் செய்தி என்று பெரிதாக எதுவும் இராது. "அத்தை, பிரவுனி சாப்டுச்சா?" என்று கேட்பாள். பிறகு சிறிது நேரம் மூச்சு விடும் ஒலி. பிறகு அவளுடைய தாய் உஷாராணி, "போதும், வைம்மா," என்பாள். அவ்வளவுதான். எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனையின் நாற்றுப் பண்ணையில் பகலெல்லாம் நீர் பாய்ச்சிவிட்டு வீடு திரும்பும் கலாவதி, முகம் கழுவுவதற்கு முன்பே அவற்றுள் ஒன்றைக் கேட்டுவிடுவாள். பன்னிரண்டாவது பதிவு வராமலே ஓராண்டு நிறையப் போகிறது.

பிரவுனியும் இப்போது இல்லை. வீட்டின் பின்புறத்து ரம்புத்தான் மரத்தடியில் அந்த நாயின் சங்கிலி மட்டும் துருவேறிக் கிடந்தது.

சென்ற ஆண்டு, அவர்களுடைய தந்தை செல்லனின் திதியன்று அது நடந்தது. தோட்டத்தில் காவற்காரராக இருந்த செல்லன் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியிருந்தார். படையல் முடியும்வரை வீட்டில் எவரும் வாயில் எதையும் போடக்கூடாது. நாய்க்கும் அதே விரதம்தான். படையல் முடிந்ததும் முதல் இலை நாய்க்குப் போகும். முனியாண்டிக்குத் துணை நிற்பது நாய்தான் என்பது அவருடைய நம்பிக்கை. அவர் மறைந்த பின்னர் கலாவதி அவ்வழக்கத்தை இம்மியும் பிசகாமல் காத்து வந்தாள்.

அன்றும் விடியற்காலையில் பிரவுனியைக் கட்டினாள், சோறு வைக்கவில்லை. குமரவேல் வேலை முடிந்து மனைவி, மகளோடு ராவாங்கிலிருந்து வந்து சேரப் பிற்பகல் மூன்று மணியாயிற்று. அதுவரை கோழிக்கறியின் மணம் மரத்தடியையே சுற்றிக்கொண்டிருந்தது. படையல் முடிந்ததும் கலாவதி முதல் இலையை எடுத்து ரூபினியின் பிஞ்சுக் கைகளில் கொடுத்தாள்.

"போய் வச்சிட்டு வா கண்ணு. உன் பிரெண்டுதான, ஒன்னும் செய்யாது."

திருமணமாகாத கலாவதிக்கு, தம்பி குடும்பம் வந்துபோகும் வார இறுதிகள்தாம் வாழ்க்கை. பிள்ளை நாயோடு நன்றாக ஒட்டிக்கொண்டால் அத்தை வீட்டையும் விடமாட்டாள் என்பது அவளுடைய எண்ணம். ரூபினி இலையைக் கீழே வைத்தாள். வெளியே சரிந்துவிட்ட ஒரு துண்டை எடுத்து மீண்டும் இலையில் வைப்பதற்காகக் குனிந்தாள்.

முன்கையில் ஏழு தையல்கள் போட்டார்கள்.

"நாய்க்கு இன்னைக்குச் சாப்பாடு போட்டீங்களா?" என்று மருத்துவர் கேட்டார்.

"எப்பவும் போலப் போட்டேன் டாக்டர்," என்றாள் கலாவதி. பிள்ளை எப்படி நாயிடம் போனாள் என்று தம்பி கேட்டபோது, "நான் அடுப்படியில இருந்தேன், எனக்குத் தெரியலடா," என்றாள். இரண்டு பொய்களும் அவளே அறியாத வேகத்தில் வெளிவந்துவிட்டன. நாய் கடித்த நேரத்தில் உஷாராணி வாசலில் நின்று தொழிற்சாலை சூப்பர்வைசரோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஆகவே பழி அவள்மேல் விழுந்தது.

"ஒரே ஒரு பிள்ள. அதைப் பாத்துக்க முடியல உனக்கு," என்று குமரவேல் மருத்துவமனை நடையில் வைத்தே மனைவியைக் கடிந்துகொண்டான். உஷாராணி கலாவதியை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். கலாவதி தலையைத் திருப்பிக்கொண்டாள்.

நாயைக் கொன்றுவிட வேண்டும் என்று குமரவேல் பிடிவாதம் பிடித்தான். பக்கத்து வீட்டு லோரி ஓட்டுநர் தங்கராஜுதான், நோய் ஏதுமில்லை என்று உறுதியான பிறகு, அதைச் செகிஞ்சானில் நெல் பயிரிடும் சீனர் ஒருவரிடம் கொண்டுபோய் விட்டார். "வரப்புல கொக்கு வெரட்டுதுலா, ராஜா மாதிரி இருக்கு," என்று அவர் அவ்வப்போது செய்தி சொல்லுவார். கலாவதி சிரிப்பாள், பிறகு மரத்தடிக்குப் போய்ச் சற்று நேரம் நிற்பாள்.

இந்த ஆண்டுத் திதி நெருங்கியதும் குமரவேல் போன் செய்தான்.

"நான் மட்டும் வரேன்க்கா. அவ வரமாட்டாளாம். தப்பும் அவ மேல, வீம்பும் அவகிட்டதான். நீ கவலப்படாத. அடுத்த மாசம் பாப்பாவ நானே தூக்கிட்டு வரேன். அவ என்ன பண்றான்னு பாத்துடலாம்."

கலாவதி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், ரூபினி வந்துவிடுவாள். அந்தக் கணத்தில் போனுக்கு அப்பால் தட்டுகளைக் கழுவி அடுக்கும் ஓசை கேட்டது. குமரவேல் பேசியதையெல்லாம் அதே அறையில் நின்று ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஓராண்டாக அவள் கேட்டுக்கொண்டிருப்பது இதைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கலாவதி தன் ஊரான புக்கிட் ரோத்தானிலிருந்து ராவாங்குக்குப் பஸ் ஏறினாள். ரூபினிக்கென்று வாங்கி வைத்திருந்த பொம்மையை எடுத்துப் பையில் வைத்தவள், கிளம்பும்போது அதை வெளியே எடுத்து வைத்துவிட்டாள். சொல்ல வந்ததைச் சொல்ல விடாமல் அது தடுத்துவிடும் என்று அஞ்சினாள்.

கதவைத் திறந்த உஷாராணியின் முகத்தில் வியப்பும் இல்லை, வரவேற்பும் இல்லை.

"வாங்க அண்ணி. அவரு ஷிப்ட்டுக்குப் போயிட்டாரு. மூனு மணிக்குத்தான் வருவாரு."

"உன்னைத்தாம்மா பாக்க வந்தேன்."

கலாவதி நாற்காலியின் நுனியில் அமர்ந்தாள். பஸ்ஸில் வரிசைப்படுத்தி வைத்திருந்த சொற்கள் அனைத்தும் குழம்பிப் போயின.

"அன்னைக்கு நாய்க்கு நான் சோறு போடல உஷா. ஐயா வச்ச முறைன்னு பட்டினி போட்டுட்டேன். எலையப் பிள்ள கையில குடுத்து அனுப்புனதும் நான்தான். உன் மேல ஒரு தப்பும் இல்ல."

உஷாராணி மேசை விரிப்பின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும் அண்ணி. வீட்டுக்கு வந்ததுமே பாப்பா சொல்லிட்டா. 'அத்தைதான் குடுத்தாங்க'ன்னு."

கலாவதி உள்ளறையின் திரைப்பக்கம் திரும்பினாள்.

"அவருகிட்ட சொன்னேன். சின்னப் பிள்ள பேச்சு, எங்கக்கா பொய் சொல்லாதுன்னாரு. அதுக்கப்புறம் நான் சொல்லல. நாய் கடிச்சதுக்காகவா நான் வராம இருந்தேன்? நாய்க்கு என்ன தெரியும். நீங்க வாயைத் தொறப்பீங்கன்னு பாத்தேன். ஒரு வருசமா பாத்தேன்."

"அவன்கிட்ட நீ சொல்லிடும்மா..."

"நான் சொல்லமாட்டேன். நீங்க சொல்லுங்க. நானும் இங்கதான் உக்காந்திருப்பேன்."

தம்பி தன்னை இதுவரை பார்த்துவந்த பார்வையை இன்றோடு இழக்க நேரும் என்பதைக் கலாவதி அறிந்தாள். ரூபினியையும் இழக்க நேரலாம். எனினும் அவள் எழவில்லை. இரண்டு மணிக்கு ஊருக்குத் திரும்பும் பஸ் போயிருக்கும். உஷாராணி தேநீர் கொண்டுவந்து வைத்தாள், அது ஆறிப்போயிற்று.

உள்ளறையின் திரையை விலக்கிக்கொண்டு ரூபினி வந்து நின்றாள். ஒரு சாண் வளர்ந்திருந்தாள். முன்பற்களில் ஒன்று விழுந்திருந்தது. முன்கையில் அந்தத் தழும்பு, வெளிறிய கோடாக.

"அத்தை, பிரவுனி சாப்டுச்சா?"

பதினொரு பதிவுகளிலும் கேட்ட அதே கேள்வி. குரல் மட்டும் சற்றுத் தடித்திருந்தது. கலாவதி உஷாராணியைப் பார்த்தாள். அவள் தடுக்கவில்லை.

"அங்க நல்லா சாப்டுதாம் கண்ணு. அன்னைக்குத்தான் அது சாப்புடல. அத்தை போடல. பசியில உன்னைக் கடிச்சிருச்சு. அது பிரவுனி தப்பு இல்ல, அத்தை தப்பு."

ரூபினி தழும்பைத் தடவிப் பார்த்தாள்.

"ஏன் போடல?"

கலாவதி வாயெடுப்பதற்குள் வெளியே குமரவேலின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இரும்புக் கதவின் பூட்டு திறந்தது. உஷாராணி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கலாவதி முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள்.